தாய்மீன் தீனில கனிமக் கலவை: எதைப் போடுறது, எதை விடுறது?

உப்புவெளி_கோய்

கோய் (அழகுக்கு வளர்க்கிற கெண்டை), திலாப்பியா ரெண்டுக்கும் ஒரே தீன்தான் குடுக்கிறன். 10 கிலோவுக்கு அளவு இது:

மீன்தூள் (உள்ளூர், தலையும் முள்ளும் கூட) 2.5 கிலோ
சோயாப் புண்ணாக்கு 3 கிலோ
அரிசித் தவிடு 2 கிலோ
தேங்காய்ப் புண்ணாக்கு 1 கிலோ
கோதுமை மா 1.2 கிலோ
மீன் எண்ணெய் 200 கிராம்
விற்றமின் கலவை 100 கிராம்

கிணத்துத் தண்ணி. மொத்தக் கடினத்தன்மை லீற்றருக்கு 320 மி.கி. காட்டுது. வெப்பநிலை 27-28 பாகை.

திலாப்பியாவில குறை இல்லை. கோய் முட்டைதான் பிரச்சினை. கரு கண் வைக்குது, பொரிக்கிற நேரம் பார்த்தால் அரைவாசிக்கு மேல உள்ளுக்கயே செத்துப்போகுது. பொரிச்சதிலயும் வாலடி வளைஞ்ச குஞ்சு கனக்க. முட்டைக்கோழிக்குப் போடுற கனிமக் கலவையை 2 வீதம் கலக்கச் சொல்லி கடையில சொல்றாங்கள். கூடவே சிப்பித் தூளும் போட்டால் முட்டை உரமாகும் எண்டும் ஒரு கதை. போடலாமோ?

கொட்டியாரக்குடா

தம்பி, ரெண்டையும் போடவேண்டாம்.

கோழி முட்டைக்கு ஓடு இருக்கிறபடியால்தான் முட்டைக்கோழித் தீனில 3.5 முதல் 4 வீதம் கல்சியம் வைக்கினம். அந்தக் கலவையில பெரும்பங்கு சுண்ணாம்புதான். மீன் முட்டைக்கு ஓடு கிடையாது. மீனுக்குத் தேவையான கல்சியத்தில பெரும்பகுதியைச் செவுள் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 320 மி.கி. கடினத்தன்மை உள்ள கிணத்தில நிக்கிற மீனுக்குச் சிப்பித் தூள் தீத்தத் தேவையில்லை. தீத்தினால் நட்டம் வேற இருக்கு. குடலில கல்சியம் கூடினால் பொசுபரசு, துத்தநாகம், மங்கனீசு மூண்டும் உறிஞ்சுப்படாமல் வெளியில போகும். முட்டைக்குள்ள போகவேண்டியவை அந்த மூண்டும்தான்.

பெண் மீன் சினைக்கு வரேக்க ஈஸ்ட்ரடயோல் எண்ட பெண் ஓமோன் ஏறி, கல்லீரல் மஞ்சட்கருப் புரதத்தைச் செய்து இரத்தத்தில விடும். பொசுபரசு ஏறின புரதம் அது. துத்தநாகம் உள்ளிட்ட உலோகங்களையும் ஒட்டிக்கொண்டுதான் சூலகத்துக்குப் போகும். பொரிச்ச குஞ்சு வாய் திறந்து இரை எடுக்கும் வரைக்கும் பொசுபரசுக்கும் நுண்கனிமங்களுக்கும் அந்தச் சேமிப்பையே நம்பியிருக்கு. அதனால தாய்க்குத் தீனில குறைஞ்சது குஞ்சில தெரியும், தாயில தெரியாது. தாய் வடிவாத்தான் நீந்தித் திரியும்.

கல்சியத்தைச் செவுளால எடுக்கிற மாதிரிப் பொசுபரசை எடுக்கேலாது. நன்னீரில அது மிகக் குறைவு, தீனிலதான் வரவேணும். இனி, உம்மட தீன் திலாப்பியாவுக்குச் சரியாகி கோய்க்கு ஏன் பிழைக்குது எண்ட கேள்வி. கோய்க்கு இரைப்பை இல்லை. அமிலம் சுரக்கிற இடமே இல்லாத குடல். மீன் முள்ளில இருக்கிற பொசுபரசு அமிலம் பட்டால்தான் கரையும். திலாப்பியாவின்ர இரைப்பை கடும் அமிலம், அது முள்ளையும் கரைச்சு எடுத்துப்போடும்.

ஆய்வுகூட_மூலை

அண்ணை சொன்னதை எண்ணிக்கையில வைக்கிறேன். கெண்டை இனத்துக்கு (கோய், தங்கமீன் உட்பட) உணவில் உறிஞ்சத்தக்க பொசுபரசு 0.6 முதல் 0.7 வீதம் வேண்டும். திலாப்பியாவுக்கு 0.4 முதல் 0.5 போதும்.

மேலே உள்ள 10 கிலோவில்:

மீன்தூளில் மொத்தம் ஏறத்தாழ 62 கிராம் பொசுபரசு. கெண்டை அதில் 10 முதல் 33 வீதம்தான் எடுக்கும், நடுவில் 25 என்று வைத்தால் 16 கிராம். திலாப்பியா மூன்றில் இரண்டளவு எடுக்கும், 40 கிராம்.
சோயாவில் 20 கிராம் அளவு, எடுபடுவது 6 அல்லது 7.
தவிட்டில் 32 கிராம் அளவு, எடுபடுவது 7.

தேங்காய்ப் புண்ணாக்கு, மா இரண்டையும் விட்டுவிடலாம். ஆக, கோய்க்குக் கிடைப்பது 30 கிராம், அதாவது 0.3 வீதம். தேவையில் பாதி. திலாப்பியாவுக்கு 54 கிராம், 0.54 வீதம். ஒரே சாக்கு, ஒரே கலவை. ஒரு மீனுக்குக் காணும், மற்றதுக்குக் காணாது.

குறையை நிரப்பும் உப்பிலும் இதே கதைதான். கெண்டையில் ஒற்றைக்கல்சியம் பொசுபேற்று 94 வீதம் எடுபடும், இருகல்சியம் பொசுபேற்று 46, முக்கல்சியம் பொசுபேற்று 13 மட்டுமே. மூன்று சாக்கிலும் பொசுபரசு என்று எழுதியிருக்கும், விலை மலிந்தது கடைசி இரண்டும். கோய்க்கு ஒற்றைக்கல்சியம் மட்டும் வாங்குங்கள். அதில் 22 வீதம் பொசுபரசு. 30 கிராம் குறைக்கு 30 ÷ (0.22 × 0.94) = 145 கிராம். 10 கிலோ தீனுக்கு 145 கிராம், தவிட்டில் அதே அளவைக் கழித்துவிடுங்கள்.

அதுக்கு மேல் ஏற்ற வேண்டாம். மீன் எடுக்காத பொசுபரசு தொட்டியில் பாசியாகத்தான் திரும்பி வரும்.

கிண்ணியா_நானா

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். எப்பாவல ரொக் பொசுபேற்று தென்னந்தோட்டத்துக்கெண்டு எங்கட ஊர்ல சும்மா கிடக்கு. அதைப் பொடியாக்கிப் போட்டா ஆகாதா? புல்மோட்டையில வேற கனிமம் மலையாக் கிடக்கு 😀

கொட்டியாரக்குடா

நானா, எப்பாவலக் கல்லு அபடைட். தண்ணியில கரையாது. மண்ணில வருசக்கணக்காக் கிடந்து மெல்ல மெல்லக் கரையிற சாமான், அதுதான் தென்னைக்குப் போடுறது. இரைப்பை இல்லாத மீனுக்கு அது மணல் மாதிரி உள்ள போய் வெளியில வரும். அதோட புளோரைட்டும் இருக்கு. தீனுக்கு எடுக்கிற பொசுபேற்று புளோரைட்டு நீக்கினதா இருக்கவேணும்.

புல்மோட்டை மணலில இருக்கிறது இல்மனைற்று, ரூட்டைல், சேர்க்கோன். கப்பலேத்தத்தான் சரி, மீனுக்கு ஒண்டுக்கும் உதவாது.

தம்பலகாமம்_வயல்

தவிட்டைப் பற்றி ஒருத்தரும் விவரமாக் கதைக்கேல்லை. தவிட்டிலயும் சோயாவிலயும் உள்ள பொசுபரசில முக்கால்வாசி பைற்றேற்று எண்ட வடிவத்தில பூட்டிக் கிடக்கு. மீனிட்டை அதுக்குத் திறப்பு இல்லை. பூட்டிக்கிடக்கிறதோட நிக்காமல் பக்கத்தில வாற துத்தநாகத்தையும் பிடிச்சு வைச்சிருக்கும். பைற்றேசு நொதி போட்டால் திறக்கும், கிலோவுக்கு 500 முதல் 1000 அலகு.

ரெண்டு இடத்தில சறுக்கும். ஒண்டு, பெல்லட் அச்சில 80 பாகைக்கு மேல சூடு போனால் நொதி செத்துப்போகும். மற்றது கோய்க்கே உரியது. நொதிக்கு அமிலம் வேணும், கோய் குடலில அது இல்லை. அதனால தவிட்டையும் சோயாவையும் முதலே ஊறவைச்சு எடுக்கிறதுதான் வழி. இளஞ்சூட்டுத் தண்ணி (45-50 பாகை), தேசிக்காய்ப் புளி அல்லது சிற்றிக் அமிலம் விட்டு அமிலத்தன்மை அளவை (pH) 5 முதல் 5.5 வரைக்கும் இறக்கி, நொதியைக் கரைச்சு, பிட்டுப் பதத்துக்குப் பிசறி மூடி வைச்சு, மூண்டு நாலு மணித்தியாலத்தால காயவைச்சு மற்றதோட கலக்கலாம். மாரி வெள்ளத்தில இதைச் செய்யாதேங்கோ, காயமுதல் பூஞ்சணம் பிடிச்சிடும். பூஞ்சண நஞ்சு முட்டைக்கு வாற எல்லாக் குறையையும் விட மோசம்.

ஆய்வுகூட_மூலை

துத்தநாகமும் மங்கனீசும்.

1981இல் ஜப்பானில் வானவில் ட்ரௌட் தாய்மீன்களுக்கு, மீன்தூள் அடிப்படையிலான உணவில் நுண்கனிமக் கலவையை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். முட்டையின் பொரிப்பு வீதம் விழுந்துவிட்டது. மீன்தூளிலேயே எல்லாக் கனிமமும் இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு சோதனை போதும். இருக்கிறது, எடுபடுவதில்லை. அதே மாதிரி செந்நிறக் கடல் பிரீம் தாய்மீனுக்குப் பொசுபரசைக் குறைத்தபோது மிதக்கும் நல்ல முட்டைகளின் பங்கும் பொரிப்பும் குறைந்தன.

தலையும் முள்ளும் சேர்ந்த உள்ளூர் மீன்தூளில் சாம்பல் 25 வீதத்தைத் தாண்டும். சாம்பல் என்றால் பெரும்பாலும் எலும்பின் கல்சியம் பொசுபேற்று. அது துத்தநாகத்தைத் தடுக்கும். தாய்மீன்களின் கண்ணில் வெள்ளை படர்ந்தால் (கண்புரை) துத்தநாகத்தைச் சந்தேகியுங்கள். வெள்ளை மீன்தூள் தின்ற ட்ரௌட்டில் முதலில் பிடிபட்ட அறிகுறி அதுதான்.

கெண்டைக்குத் துத்தநாகத் தேவை கிலோ உணவுக்கு 15 முதல் 30 மி.கி., மங்கனீசு 12-13 மி.கி. அளவு. ஆனால் அந்த எண்கள் தூய்மையான ஆய்வுகூட உணவில் வந்தவை. சாம்பலும் தவிடும் உள்ள தீனுக்கு மேலதிகமாகத் துத்தநாகம் 50 மி.கி., மங்கனீசு 15 மி.கி. சேர்க்கலாம். தவிட்டில் மங்கனீசு நிறைய இருப்பதால் அதை இந்த அளவுக்கு மேல் கூட்ட வேண்டாம்.

10 கிலோவுக்கு:
துத்தநாக சல்பேற்று, ஏழு நீர் மூலக்கூறு உள்ளது (22.7 வீதம்): 2.2 கிராம். ஒரு நீர் மூலக்கூறு உள்ளது (36 வீதம்) என்றால் 1.4 கிராம்.
மங்கனீசு சல்பேற்று, ஒரு நீர் மூலக்கூறு (32.5 வீதம்): 0.46 கிராம்.

செம்பும் இரும்பும் சேர்க்கவே வேண்டாம். சோயாவிலும் மீன்தூளிலும் வருவது காணும். மிஞ்சினால் இரண்டும் மீன் எண்ணெயைக் காறவைக்கும், விற்றமின் சீயையும் அழிக்கும்.

உப்புவெளி_கோய்

துத்தநாக சல்பேற்று வயலுக்குப் போடுறது கடையில கிடக்கு. அது காணுமோ?

தம்பலகாமம்_வயல்

வேண்டாம். வயலுக்கு வாறதில கட்மியம், ஈயம் எவ்வளவு எண்டு ஒருத்தரும் பார்க்கிறதில்லை. கட்மியம் மஞ்சட்கருப் புரதம் உண்டாகிறதையே குழப்பும். கால்நடைத் தீனுக்கெண்டு தரம் போட்டு வாறதைக் கேட்டு வாங்குங்கோ. கிராம் கணக்கிலதான் தேவை, செலவு பெரிசில்லை.

நிலாவெளி_கப்பி

செலேனியம் மறந்துட்டீங்க. வெளிநாட்டுக் கோய்த் தீன் பெட்டியில எல்லாம் செலேனியம் எண்டு போட்டிருக்கு. குருதி ஓட்டம், விந்து, எல்லாத்துக்கும் நல்லதாம். சோடியம் செலனைற்று கொஞ்சம் எடுத்துப் போட்டா என்ன?

ஆய்வுகூட_மூலை

இந்த இழையில் கையே வைக்கக்கூடாதது அது ஒன்றுதான்.

தேவை: இனத்தைப் பொறுத்து கிலோ உணவுக்கு 0.15 முதல் 0.7 மி.கி. நீண்ட நாள் கொடுத்தால் 3 மி.கி. அளவிலேயே நஞ்சாகத் தொடங்கியதற்குச் சான்று உண்டு. தேவைக்கும் நஞ்சுக்கும் இவ்வளவு கிட்ட நிற்கும் கனிமம் தீனில் வேறு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் முழுத்தீனில் மொத்தமாக 0.5 மி.கி.க்கு மேல் விடுவதில்லை. மீன்தூளில் கிலோவுக்கு 1 முதல் 3 மி.கி. ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் கலவையில் கால்பங்கு மீன்தூள், ஆக 0.25 முதல் 0.75 வந்தாயிற்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோ தீனில், ஒவ்வொரு கிலோவுக்கும் 0.2 மி.கி. செலேனியம் சேர்க்கச் சோடியம் செலனைற்று 4.4 மில்லிகிராம் நிறுக்க வேண்டும். சாதாரண நகைக்கடைத் தராசில் அதைத் திட்டமாக நிறுக்க முடியாது. ‘கொஞ்சம்’ என்று விரல் நுனியால் எடுப்பதே நூறு மடங்கு.

நஞ்சு ஏறினால் தாய்மீன் சாகாது, அதுதான் மோசம். செலேனியம் கந்தகத்தின் இடத்தில் புரதத்துக்குள் புகுந்து முட்டைக்குப் போகும். குஞ்சு மஞ்சட்கருவைக் கரைக்கும்போது முள்ளந்தண்டு வளையும், தலை சிதையும், வயிறு நீர்கோத்து வீங்கும். அமெரிக்காவின் வட கரோலைனாவில் பெலூஸ் ஏரிக்கு 1970களில் நிலக்கரி மின்நிலையத்தின் செலேனியம் கலந்த சாம்பல் குட்டை நீர் வந்தது. ஏரியில் இருந்த 20 மீன் இனங்களில் 19 இல்லாமல் போயின. பெரிய மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்ததாலல்ல, இனப்பெருக்கம் நின்றதால். சம்பூரில் நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டபோது கொட்டியாரக் குடா மீனவர்கள் பெருமூச்சு விட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பாலையூற்று_அக்கா

எல்லாரும் சாக்கையே பார்க்கிறீங்கள், முட்டையைப் பார்க்கேல்லை. தம்பி சொன்ன அறிகுறி கனிமக் குறைக்குப் பொருந்துது எண்டதை ஏத்துக்கொள்றன். ஆனா வேற நாலு காரணத்துக்கும் பொருந்தும். எந்தக் கட்டத்தில முட்டை போகுது எண்டு பார்த்தால் பாதி விடை கிடைக்கும்.

முதல் 24 மணித்தியாலத்துக்குள்ள முட்டை வெள்ளையாப் போனால் அது கருக்கட்டவே இல்லை. ஆண்பக்கக் குறை, அல்லது முட்டை முத்திப்போனது. ஆண்மீனின்ர விந்துக்கும் துத்தநாகம் வேணும், எண்டாலும் கச்சான் காத்து வீசுற வெக்கைக் காலத்தில தொட்டித் தண்ணி 32க்கு மேல ஏறுறதை முதல்ல பாருங்கோ.

கருக்கட்டி, கண் வைக்க முதல் நிண்டால்: தண்ணி, ஒட்சிசன், பஞ்சு மாதிரிப் பிடிக்கிற பூஞ்சணம்.

கண் வைச்சுப் பொரிக்காமல் போனால்: இங்கதான் பொசுபரசு, மங்கனீசு, துத்தநாகம் வரும். விற்றமின் ஈ குறைஞ்சாலும் காறின எண்ணெய் போட்டாலும் இப்பிடித்தான் போகும். 

பொரிச்சு, வளைஞ்சால்: பொசுபரசு, விற்றமின் சீ, செலேனியம் கூடினது, அடைகாக்கிற தொட்டியில வெப்பம் ஏறி இறங்கினது, அண்ணன் தங்கச்சியைச் சோடி சேர்த்தது. இதில கடைசியை ஒரு கனிமமும் திருத்தாது.

தம்பி, உம்மட விற்றமின் கலவையில சீ எந்த வடிவத்தில இருக்கு? சும்மா அசுகோபிக் அமிலம் எண்டால் எங்கட வெக்கைக்கும் ஈரலிப்புக்கும் ரெண்டு மாதத்தில மிச்சம் இருக்காது. பொசுபேற்று ஏத்தின வடிவம் வாங்கவேணும்.

உப்புவெளி_கோய்

பையில அசுகோபிக் அமிலம் எண்டுதான் இருக்கு. முட்டை முதல் நாளில வெள்ளையாப் போறது குறைவு. கண் வைச்ச பிறகுதான் பெரும்பாலும்.

பாலையூற்று_அக்கா

அப்ப கனிமத்தையும் விற்றமின் சீயையும் ஒரேயடியா மாத்தாதேங்கோ. மாத்தினால் எது வேலை செய்தது எண்டு ஒருநாளும் தெரியாது.

கொட்டியாரக்குடா

அக்கா சொல்றதுதான் முறை. மூண்டு கூட்டமாப் பிரியும். ஒண்டுக்குப் பழைய தீன். அடுத்ததுக்குப் பழைய தீனோட பொசுபேற்றும் துத்தநாகமும் மங்கனீசும். மூண்டாவதுக்குப் பழைய தீனோட நல்ல வடிவ விற்றமின் சீ மட்டும். ஒவ்வொண்டுக்கும் ஒரு தொட்டி காணாது, ரெண்டு மூண்டு தொட்டி வேணும், இல்லாட்டித் தொட்டிக் குறையைத் தீன் குறை எண்டு நினைச்சுப்போடுவீர். தாய்மீன் வயசும் எடையும் ஒத்ததா இருக்கட்டும். தீன் ஒரு நாளைக்கு உடல் எடையில 1.5 முதல் 2 வீதம். சினை ஊறுறது வாரக்கணக்கு வேலை, குறைஞ்சது ரெண்டு மாதம் தீத்தாமல் முட்டை எடுத்துப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. முட்டை விட ஒரு கிழமைக்கு முதல் போட்டால் சினைக்குள்ள ஏறாது.

கலக்கிற ஒழுங்கு முக்கியம். ரெண்டு கிராம் உப்பை 10 கிலோவுக்குள்ள நேர கொட்டினால் ஒரு பிடிக்குள்ள முழுக்கக் கிடக்கும், மிச்சத்தில ஒண்டும் இராது. முதல்ல உப்புகளை உரலில பசைபோல மாவாக்கி 100 கிராம் கோதுமை மாவோட சேர்த்து அரியும். அதை ஒரு கிலோ தவிட்டோட கலவும். அதுக்குப் பிறகு முழுத்தீன். பொசுபேற்று 145 கிராம் எண்டபடியால் அதைத் தவிட்டுக் கட்டத்திலேயே சேர்க்கலாம். விற்றமினை இந்தக் கனிம மாவோட ஒரே போத்தலில வைக்கப்படாது. கலக்கிற அண்டைக்குத்தான் ரெண்டும் சந்திக்கவேணும், எண்ணெய் கடைசியில.

சல்பேற்று தண்ணியில கரையும். கோய் மெதுவாக் கொறிக்கிற மீன், உருண்டை உடைஞ்சால் போட்ட துத்தநாகம் தொட்டிக்குப் போயிடும். கோதுமை மாவைக் கூழாக் காய்ச்சிச் சேர்த்தால் பிடிப்பு நல்லது. போட்ட தீன் 10 நிமிசத்தில முடியிற அளவுக்கு மட்டும் போடும்.

ஆய்வுகூட_மூலை

‘பசைபோல’ என்பதை மட்டும் திருத்துகிறேன், காய்ந்த மாவாக. ஈரம் பட்டால் கட்டியாகும். தவிடும் சோயாவும் கூடிய தீனுக்கு அமினோ அமிலத்தோடு கட்டிய துத்தநாகம் (துத்தநாக மெதியோனின்) கிடைத்தால் அது பைற்றேற்றிடம் அவ்வளவாக அகப்படாது, அளவையும் குறைக்கலாம். விலை கூட. முதலில் சல்பேற்றில் பார்த்துவிட்டு யோசியுங்கள்.

நிலாவெளி_கப்பி

கப்பிக்கும் இதே அளவா? நான் கணவாய் ஓடு தொட்டிக்குள்ள போட்டு வைச்சிருக்கன்.

பாலையூற்று_அக்கா

தொட்டிக்குள்ள கிடக்கட்டும், கடினத் தண்ணி கப்பிக்குப் பிடிக்கும். தீனுக்குள்ள அரைச்சுப் போடாதேங்கோ. கப்பி குட்டி போடுற மீன் எண்டாலும் குட்டிக்கு வேண்டியதில பெரும்பகுதி கருக்கட்ட முதலே மஞ்சட்கருவில சேர்ந்திடும். அதனால இண்டைக்கு மாத்தின தீன் அடுத்த ஈத்தில தெரியாது, அதுக்கு அடுத்த ஈத்தில பாருங்கோ. கப்பிக்கும் இரைப்பை இல்லை. ஒற்றைக்கல்சியம் பொசுபேற்றுதான், அதே 1.5 வீதத்துக்குக் கிட்ட.

கிண்ணியா_நானா

கூட்டுல கொடுவாத் தாய்மீன் வைச்சிருக்கிற எங்கட ஆக்களுக்கும் இது வேணுமா? சாளையும் கீரிமீனும்தான் போடுறாங்க.

கொட்டியாரக்குடா

முழுமீன் தின்னுற கொடுவாவுக்குக் கனிமம் குறையாது நானா. கடல்மீன் தண்ணியையும் குடிக்கும், கல்சியம், மக்னீசியம் அதில வந்திடும். பொசுபரசு முள்ளில இருக்கு, கொடுவாவுக்கு நல்ல இரைப்பையும் இருக்கு. அங்க கவனிக்கவேண்டியது வேற. சாளை இனத்தில தயமினை அழிக்கிற நொதி கனக்க. ஐஸ் குறைஞ்சால் எண்ணெய் காறும். தயமினும் விற்றமின் ஈயும் கேட்டு வாங்கச் சொல்லுங்கோ.

உப்புவெளி_கோய்

சரி, மூண்டு கூட்டமாப் பிரிக்கிறன். பொரிப்பு வீதத்தை எப்பிடி எண்ணுறது? கோய் முட்டை நார்த்தும்பில ஒட்டிக்கிடக்கும், முழுக்க எண்ண ஏலாது.

பாலையூற்று_அக்கா

முழுக்க எண்ணத் தேவையில்லை. ஒவ்வொரு தாயின்ர தும்பிலயும் வேற வேற இடத்தில சின்னத் துண்டுகள் வெட்டி, 200 முட்டை வாறமாதிரி, வெள்ளைக் கோப்பையில அதே தொட்டித் தண்ணியில வையுங்கோ. 24 மணித்தியாலத்தில வெள்ளையானதை எண்ணி எடுத்துவிடுங்கோ, இல்லாட்டி பூஞ்சணம் நல்லதையும் தின்னும். கண் வைச்சதை ரெண்டாம் நாள் எண்ணுங்கோ. 25 பாகை எண்டால் மூண்டாம் நாள் அளவில பொரிக்கும், உங்கட 28இல அதுக்கு முன்னமே. பொரிச்சதைக் கண் வைச்ச எண்ணிக்கையால வகுக்கவேணும். வைச்ச முட்டையால வகுத்தால் ஆண்பக்கக் குறையும் அதுக்குள்ள கலந்திடும். வளைஞ்ச குஞ்சை நீந்தத் தொடங்கின அண்டைக்கு எண்ணுங்கோ, அதுக்கு முதல் எல்லாம் வளைஞ்ச மாதிரித்தான் கிடக்கும்.

கோப்பைக்குக் குழாய்த் தண்ணி ஊத்தவேண்டாம். கந்தளாயிலிருந்து வாறதில குளோரின் இருக்கு, கடினத்தன்மையும் கிணத்தோட ஒத்துவராது. தண்ணி மாறினால் முட்டை ஊதுறதும் மாறும், மூண்டு கூட்டத்தையும் ஒப்பிடேலாது.